ஊளம்பாறை மதிலும் வட்டமாய்ப் போட்ட நாற்காலிகளும்

நாகர்கோவில், குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்துப் பெரியவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. வீட்டில் யாராவது கோக்குமாக்காகப் பேசினால், "இவன ஊளம்பாறைக்குத்தான் கொண்டு போகணும்" என்பார்கள். சென்னைக்காரர் கீழ்ப்பாக்கம் என்கிற இடத்தில் தென்திருவிதாங்கூர்க்காரருக்கு ஊளம்பாறை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கோர்ட்டும் கச்சேரியும் மாறின, திருவனந்தபுரத்துக்கு மனுப்போடும் வழக்கம் போனது. இந்த வசவு மட்டும் எல்லையைத் தாண்டி வந்து இங்கேயே தங்கிவிட்டது.

ஊளம்பாறை திருவனந்தபுரம் நகருக்குள், பேரூர்க்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள அரசு மனநல மையம் தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது 1870. ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் காலம். திவானாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த டி.மாதவராவ். திருவனந்தபுரத்தின் நவீன முகம் அந்தச் சில ஆண்டுகளில்தான் உருவானது. 1865-இல் ஜெனரல் ஆஸ்பத்திரி, 1869-இல் தலைமைச் செயலகக் கட்டடம், அடுத்த ஆண்டே மனநோயாளிகளுக்கான விடுதி. செயலகத்துக்கு எதிரே நிற்கும் மாதவராவின் சிலையால்தான் அந்த இடத்துக்கே 'ஸ்டாச்சு' என்று பெயர்.

அன்றைய அளவில் அது முன்னேற்றம்தான். கோயில் வாசலிலும் சந்தைத் திண்ணையிலும் கிடந்தவர்களுக்கு ஒரு கூரை கிடைத்தது. ஆனால் அந்தக் காலத்து மனநல விடுதிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: பிரித்து வை. ஊரிலிருந்து நோயாளியைப் பிரி, குடும்பத்திலிருந்து பிரி, முரண்டு பிடித்தால் மற்ற நோயாளிகளிடமிருந்தும் பிரித்துத் தனியறையில் போடு. நான்கு பேர் கூடிப் பேசுவது வைத்தியமாகும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, லண்டனிலும் கூட.

இந்த விடுதிக்கு மூன்று வயதானபோது, 1873-இல், லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவரும் பாரிசில் சார்ல் லாசேக் என்ற மருத்துவரும் ஒரே நோயைத் தனித்தனியே விவரித்தார்கள். இளம்பெண்கள் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகிறார்கள். வயிற்றில் புண் இல்லை, காசநோய் இல்லை, வீட்டில் உணவுக்கும் பஞ்சமில்லை. 'அனோரெக்சியா நெர்வோசா' என்ற பெயர் கல் வைத்தது. லாசேக்கின் கண் குடும்பத்தின் மீது போயிற்று. சாப்பிடாத மகளிடம் பெற்றோருக்கு இரண்டே வழிதான் தெரிகிறது, ஒன்று கெஞ்சல், இன்னொன்று மிரட்டல், இரண்டும் பலிப்பதில்லை என்று எழுதினார். 150 ஆண்டு கழித்தும் நம் வீடுகளில் இந்த இரண்டுதான் நடக்கிறது. "என் கண்ணுல்ல, ஒரு வாய்" என்று தொடங்கி, "திங்கலைன்னா எக்கேடோ கெட்டுப் போ" என்று முடியும்.

கல் சொன்ன மருந்து, வேளை தவறாமல் உணவு கொடுப்பது, கூடவே சொந்தக்காரர்களைத் தள்ளி வைப்பது. குடும்பமே நோயைக் கெடுக்கிறது என்ற எண்ணம் மேல்நாட்டு வைத்தியத்தில் அப்போது ஊறி, அடுத்த நூறாண்டு வரை நீடித்தது. மகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு எடை ஏறும்வரை தாய் வெளியே காத்திருக்க வேண்டியதுதான்.

நோயாளிகளை ஒன்றாக உட்கார வைத்துப் பேசும் முறை இன்னொரு நோயின் வழியாக வந்தது. 1905-இல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்துக்குப் போகக் காசில்லாத காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஓர் அறையில் கூட்டினார். அவர் அதற்கு வைத்த பெயர் 'வகுப்பு'. ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டுப் புத்தகம்: என்ன சாப்பிட்டோம், எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தோம், காய்ச்சல் எத்தனை டிகிரி. கூட்டத்தில் எடை பார்ப்பார்கள். யாருக்கு எடை ஏறியதோ அவரை எல்லோருக்கும் முன்னால் பாராட்டுவார்கள். நோயாளிகள் மருத்துவர் சொல்வதைக் கேட்டுத் தேறியதைவிட, பக்கத்து நாற்காலிக்காரர் தேறுவதைப் பார்த்துத் தேறியது அதிகம் என்று பிராட் கண்டுகொண்டார். குழு சிகிச்சையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தட்டையும் தராசையும் சுற்றிப் பிறந்த முறை அது. இன்றைக்கு உணவுக் கோளாறு உள்ளவர்களின் குழுவில் முதலில் வெளியேற்றப்படுவது அந்தத் தராசுதான். அதைப் பிறகு பார்ப்போம்.

இந்தியாவில் இது வேறு பாதையில் வந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனைக்குப் பொறுப்பாளராக இருந்த வித்யா சாகர், நோயாளியின் குடும்பத்தையும் உள்ளே வரச் சொன்னார். தங்க இடமில்லை, அதனால் வளாகத்திலேயே கூடாரம் அடித்தார். குடும்பங்களைக் கூட்டி உட்காரவைத்து நோயைப் பற்றிப் பேசினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் மனநல மையம் திறந்தபோது, நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவதை முறையாகவே ஆக்கியது. மேல்நாட்டு மருத்துவர்கள் குடும்பத்தை வாசலில் நிறுத்திய காலத்தில் நம்மவர்கள் பாயோடு உள்ளே அழைத்தார்கள். இதை ஞானம் என்று மட்டும் சொல்லிப் பெருமைப்பட்டுவிட முடியாது. நர்ஸ் போதவில்லை, டாக்டர் போதவில்லை, அதுவும் ஒரு காரணம். ஆனாலும் தேவைக்காகச் செய்தது நல்ல வைத்தியமாகவே அமைந்தது. 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை, அனோரெக்சியா வந்த பிள்ளைகளைத் தேற்றும் பொறுப்பைப் பெற்றோர் கையிலேயே கொடுக்கும் குடும்பச் சிகிச்சையைச் சோதித்துப் பார்த்து, பலன் உண்டு என்று கண்டது. 1990-களின் கடைசியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலும் லண்டனிலும் பல குடும்பங்களை ஒரே மேசையில் உட்காரவைத்துச் சேர்ந்து சாப்பிடச் செய்யும் முறை வந்தது. கெஞ்சலும் மிரட்டலும் தவிர மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதைப் பெற்றோர் அங்கே மற்றப் பெற்றோரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

ஊளம்பாறை மதில் வெளியாருக்குத் திறந்தது இன்னும் தாமதமாக. 1980-களின் நடுவில் ஒரு நாள் கவிஞர் சுகதகுமாரி உள்ளே போனார். சைலண்ட் வேலிக் காட்டைக் காப்பாற்ற எழுதியும் பேசியும் ஓய்ந்திராத நேரம். பெண்கள் வார்டில் அவர் பார்த்தது பட்டினியும் அரைகுறை உடையுமாகக் கிடந்த பெண்களை. மனநோய்க்கு மருந்து கேட்டு வந்தவர்கள் பசியால் வாடிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்தவர் கவிதையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1985-இல் 'அபயா' என்ற அமைப்பைத் தொடங்கினார். கைவிடப்பட்ட பெண்களுக்கு இல்லம், மனநோயிலிருந்து தேறுகிறவர்களுக்கு மறுவாழ்வு, குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை என்று அது வளர்ந்தது. 2020 டிசம்பர் 23 அன்று, கோவிட் தாக்கி, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியிலேயே அவர் காலமானார். கேரளத்தில் மனநல விடுதிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அந்த வார்டுக்குள் நுழைந்த அவர் பெயர் வராமல் இருக்காது.

சென்னையில் கிட்டத்தட்ட அதே சமயம் சாரதா மேனன் மனச்சிதைவு நோயாளிகளுக்கான 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார், 1984-இல். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையைப் பதினேழு ஆண்டு நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. ஆனால் மதில் இடிந்துவிட்டது என்று யாரும் நிம்மதியடைய முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் கருகிப் போனார்கள். நோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று சட்டப் புத்தகத்தில் ஏற 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது.

நம் ஊர் விடுதிகளின் இவ்வளவு நீண்ட கதையிலும் ஒரு நோயாளியைக் காணோம். சாப்பிட முடிந்தும் சாப்பிடாத பெண்.

அவள் இல்லாமல் இல்லை, கண்ணில் படவில்லை. திருவிதாங்கூர் பசியறிந்த நாடு. விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் மரச்சீனிக் கிழங்கைப் பயிரிடச் சொல்லி ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது அந்த மரச்சீனிதான் ஏழைகளைத் தாங்கியது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் தட்டை ஒதுக்கினால் விரதம் என்பார்கள், வீம்பு என்பார்கள், காதல் என்பார்கள், பேய் என்றும் சொல்வார்கள். நோய் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். திருவாதிரைக்கு அரிசிச் சோறு தொடாத, ஏகாதசிக்குத் தண்ணீரோடு நிற்கிற பெண்களைக் கையெடுத்துக் கும்பிடும் சமூகத்தில், உண்ணாமை எந்த இடத்தில் பக்தியைத் தாண்டி நோயாகிறது என்று யார் கோடு போடுவது?

மருத்துவர்களும் தடுமாறினார்கள். 1995-இல் டெல்லி மனநல மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். உணவு மறுப்பு, ஓயாத வாந்தி, எடை இழப்பு, மாதவிலக்கு நிற்பது எல்லாம் இருந்தன. மேல்நாட்டுப் பாடப்புத்தகம் அடையாளமாகச் சொல்லும் 'குண்டாகி விடுவேனோ' என்ற பயம் மட்டும் இல்லை. சென்னையில் டி.என்.சீனிவாசனும் உடன் பணியாற்றியவர்களும் 210 மருத்துவ மாணவர்களிடம் ஆராய்ந்தார்கள். முழு நோய் என்று சொல்ல முடியாத, ஆனால் உணவும் உடலும் மனத்தை அரிக்கிற நிலை சுமார் 15 சதவீதம் பேரிடம் இருந்தது. வேலூரில் குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் பற்றி 2007-இல் வெளியான ஆய்வில் அதிகம் கண்டது மனக்காரணத்தால் வரும் வாந்தி. ஆக, நம் ஊர்ப் பெண் மனநல மருத்துவரிடம் போகாமல் வயிற்று டாக்டரிடம் போய் எண்டோஸ்கோப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். "நெஞ்சுல நிக்குது", "வயிறு உப்புது", "இறங்க மாட்டேங்குது" என்றுதான் அவள் சொன்னாள். எடையைப் பற்றி அவள் பேசவேயில்லை.

பிறகு காலம் மாறியது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி கேரளப் பெண்களில் 100-க்கு 38 பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். மரச்சீனி காலத்துப் பேத்திகள் இப்போது ஜிம் விளம்பரத்தின் கீழ் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். கேரளத்தில் நலம் விசாரிப்பதே உடலை வைத்துத்தான். "க்ஷீணிச்சு போயல்லோ" என்று இளைத்தவளிடம், "தடிச்சல்லோ" என்று பருத்தவளிடம். நாமும் சளைத்தவர்களா? கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் எடுக்குமுன் "என்னடி இப்படி ஊதிட்டே" என்று கேட்டுவிட்டுத்தான் அத்தை உள்ளே விடுவாள். வேறெந்த வியாதிக்காரரையும் வாசலில் நிறுத்தி இப்படி விசாரிக்க மாட்டோம்.

2025 மார்ச்சில் வடகேரளத்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். இணையத்தில் பார்த்த உணவுமுறையை மாதக்கணக்கில் பின்பற்றி உணவைக் குறைத்துக்கொண்டே போனவள். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எடை 24 கிலோ அளவுக்கு இறங்கியிருந்ததாகச் செய்திகள் சொல்லின. அனோரெக்சியா என்ற சொல் அந்த வாரம் பத்திரிகைகளில் அடிபட்டது. திருவனந்தபுரத்தில் அப்போது ஆற்றுக்கால் பொங்காலைக்குச் சில நாட்களே இருந்தன. 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறிய திருவிழா அது. சாலை நெடுக மூன்று செங்கல் வைத்து, மண்பானை ஏற்றி, முன்பின் தெரியாத பக்கத்து அடுப்புக்காரிக்கு ஓலைத்துண்டு கொடுத்து, ஒன்றாகப் பொங்குகிறார்கள்.

சரி, குழு சிகிச்சை என்றால் அறைக்குள் என்னதான் நடக்கிறது?

ஏழெட்டு நாற்காலிகள் வட்டமாக இருக்கும், மேசைக்குப் பின்னால் யாரும் உட்காருவதில்லை. நடத்துகிறவர் பயிற்சி பெற்ற உளவியலாளரோ மனநல சமூகப் பணியாளரோ. முதல் விதி: எண் சொல்லக் கூடாது. எடை, கலோரி, எத்தனை நாள் பட்டினி, பேண்ட் சைஸ் எதுவும் கூடாது. காரணம் இருக்கிறது. பிராட்டின் காசநோயாளிகளுக்கு எடை ஏறுவது வெற்றி, இங்கே அதே எண் விஷம். ஒருத்தி 38 என்றால் அடுத்தவள் மனத்துக்குள் 36-க்குக் குறிவைப்பாள். யார் அதிக நோயாளி என்ற போட்டி மூளக்கூடிய ஒரே குழு இதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் அனோரெக்சியாவுக்குக் குழுவை மட்டும் நம்பி மருத்துவர்கள் இறங்குவதில்லை. அளவுக்கு மீறித் தின்று தவிக்கும் கோளாறுக்கும், தின்றதை வாந்தியெடுத்து வெளியேற்றும் புலிமியாவுக்கும் குழுவாகச் செய்யும் சிகிச்சை நன்றாக எடுபடுகிறது. 'புலிமியா நெர்வோசா' என்று 1979-இல் பெயர் வைத்தவர் லண்டனின் ஜெரால்ட் ரஸ்ஸல்.

சில இடங்களில் குழு சேர்ந்து சாப்பிடவும் செய்யும். நம் ஊர்த் தட்டாகவே நினைத்துக்கொள்ளலாம். சோறு, பருப்பு, அவியல், ஒரு பப்படம். ஒருத்தி பப்படத்தை இருபது துண்டாக உடைக்கிறாள். இன்னொருத்தி சோற்றைக் கறிவேப்பிலைக்கு அடியில் ஒதுக்குகிறாள். மூன்றாமவள் தண்ணீராகக் குடித்துத் தள்ளுகிறாள். "சாப்பிடு" என்று யாரும் சொல்வதில்லை. பேச்சு சினிமாவைப் பற்றியும் பஸ் நெரிசலைப் பற்றியும் போகிறது. ஆனால் எதிரே இருப்பவளுக்கு அந்தப் பப்படத் துண்டுகளின் அர்த்தம் தெரியும், போன மாதம் அவளும் அதைத்தான் செய்தாள். "எனக்கும் மூணாவது வாய்தான் கஷ்டம், அதுக்கப்புறம் போயிரும்" என்று அவள் சொன்னால், அது எந்த டாக்டரும் எழுதித்தர முடியாத மருந்து. சாப்பாடு முடிந்ததும் யாரும் எழுந்து போவதில்லை. அரைமணி, ஒருமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தத் தோன்றும் நேரம் அது.

அந்தப் பப்படத் துண்டுகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிறு உணவு கொடுத்தார். போருக்குப் பிறகு பட்டினியில் கிடக்கும் ஐரோப்பாவை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ளத்தான். அந்த ஆண்களும் உணவைத் துணுக்காக நறுக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். சமையல் புத்தகம் சேர்த்தார்கள். எரிந்து விழுந்தார்கள். அதாவது, பாதிக் கிறுக்கு பட்டினியிலிருந்தே வருகிறது. பட்டினி தீராத மூளையிடம் எவ்வளவு பேசினாலும் ஏறாது. ஆகவே நாடித்துடிப்பு விழுந்தவளை, பொட்டாசியம் குறைந்தவளை முதலில் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும், வட்டத்தில் உட்காருவது அதற்குப் பிறகு. வற்றிய உடலுக்கு வீட்டிலேயே ஒரேயடியாக ஊட்டித் தேற்ற நினைப்பதும் ஆபத்து, திடீர் உணவே உயிரைப் பறிக்கக்கூடும்.

வட்டமாக உட்கார்ந்து பேசுவதற்குக் கேரளம் புதிதல்ல என்பதுதான் இந்தக் கதையில் வேடிக்கை. 1990-களின் தொடக்கத்தில் ஆலப்புழையில் யூனிசெஃப் உதவியோடு ஓர் ஊட்டச்சத்துத் திட்டம் நடந்தது. ஏழைக் குடும்பம் எது என்று கண்டுபிடிக்க ஒன்பது அடையாளங்கள் வைத்தார்கள். அதில் ஒன்று, நாளைக்கு இரண்டு வேளையோ அதற்கும் குறைவாகவோ சாப்பிடும் வீடு. அந்தப் பெண்களை அக்கம்பக்கமாகக் கூட்டி உட்காரவைத்ததுதான் 'அயல்கூட்டம்'. 1998-இல் அதுவே குடும்பஸ்ரீ ஆனது, தலைமையகம் திருவனந்தபுரம். 10 முதல் 20 பெண்கள், ஒரு வீட்டுத் திண்ணை, வாரம் ஒருமுறை. இன்று 40 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். யார் வீட்டில் உலை ஏறவில்லை என்று கவனிக்கப் பிறந்த வட்டத்துக்கு, உலை ஏறியும் யார் சாப்பிடவில்லை என்று கவனிப்பது பெரிய தாண்டல் இல்லை. அவர்கள் வைத்தியம் செய்ய வேண்டாம், அது அவர்கள் வேலையும் அல்ல. "அந்தப் பொண்ணு ஆறு மாசமா கல்யாண வீட்டுக்கே வரல, வந்தாலும் பந்தியில உக்கார மாட்டேங்குறா" என்று ஒருத்தி கவனித்து, தாயிடம் தனியாகச் சொன்னால் போதும்.

படிக்கிறவர்களிடம் கேட்பதும் இவ்வளவுதான். அடுத்த விசேஷ வீட்டில் யாரையும் பார்த்து இளைத்தாய், பருத்தாய் என்று சொல்லாதிருங்கள். வீட்டில் தட்டைத் தவிர்ப்பவர் இருந்தால், சாப்பிட்ட கையோடு ஒவ்வொரு வேளையும் குளியலறைக்கு ஓடுகிறவர் இருந்தால், பூசாரிக்கும் எண்டோஸ்கோப்பிக்கும் நடுவில் மனநல மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். கேரளத்தில் 'திசா' உதவி எண் 1056. நாடு முழுக்க 'டெலி மானஸ்' 14416: கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.